கணக்கில் வராத கவளங்கள்: வேலைக்குப் போகும் ஒரு தாயின் எடைக்குறைப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

வயது 37. திருச்சி உறையூரில் மாமனார், மாமியாருடன் கூட்டுக் குடும்பம். காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் வேலை. கணவர் மொத்த விற்பனைக் கடை ஒன்றில் கணக்கர். வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. உணவு ஆலோசனைக்காக என்னிடம் முதல் முறை வந்தபோது உயரம் 156 செ.மீ., எடை 74.6 கிலோ, இடுப்புச் சுற்றளவு 96 செ.மீ. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.0 சதவீதம். தைராய்டு, இரத்த அழுத்தம் இரண்டும் சரியாக இருந்தன. ஆள் யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் உடல் நிறை குறியீடு 30.7 வருகிறது. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-ஐத் தொட்டால் உடல் பருமன். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை. இவர் மூன்றிலும் கோட்டைத் தாண்டியிருந்தார். தமிழ்நாட்டில் இது அபூர்வமும் இல்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரின் குறியீடு 25 அல்லது அதற்கு மேல்.

அவரை மருத்துவரிடம் அனுப்பியது எடை இல்லை, பழைய ஒரு தாள். மகனைச் சுமந்திருந்தபோது 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் செய்த பரிசோதனையில் சர்க்கரை, கர்ப்பகால நீரிழிவுக்கான எல்லையான 140-ஐத் தாண்டியிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு அது இயல்புக்கு வந்துவிட்டது. அத்துடன் எல்லோரும் மறந்துவிட்டார்கள். கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்பதை யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால், நான்கு ஆண்டுகள் இப்படிக் கழிந்திருக்காது. அவருடைய அம்மாவும் நீரிழிவு உள்ளவர்.

முன்பு செய்து பார்த்தவற்றைக் கேட்டேன். இரவில் சோற்றை நிறுத்தியது, உணவுக்குப் பதிலாகக் குடிக்கும் மாவு, கைபேசிச் செயலி ஒன்றில் சேர்ந்த ‘கவனத்துடன் உண்ணல்’ வகுப்பு. இந்தக் கடைசி முயற்சி ஒரு வாரம்கூட ஓடவில்லை. தனியாக உட்கார்ந்து, பேசாமல், ஒவ்வொரு வாய்க்கும் கரண்டியைக் கீழே வைத்து, இருபது முப்பது நிமிடம் சாப்பிட வேண்டும் என்பது அதன் பாடம். “அரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல் சாப்பிடக்கூடிய வீட்டில் இருந்தால் எனக்கு எடையே கூடியிருக்காது” என்றார். அந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

கவனத்துடன் உண்ணும் இந்த வழிமுறை வளர்ந்த இடத்தைப் பார்த்தால் காரணம் புரியும். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மன அழுத்தத் தணிப்பு வகுப்புகளில் ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெதுவாக மெல்வது ஒரு பயிற்சி. பிறகு ஜீன் கிறிஸ்டெல்லர், கட்டுப்பாடின்றி ஒரே மூச்சில் நிறையச் சாப்பிடும் கோளாறு உள்ள பெண்களுக்காக அதை விரிவாக்கினார். அவருடைய முதல் ஆய்வு 1999இல் வெளிவந்தது. தன் பசிக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள வேறுபாட்டை அடையாளம் காண உதவும் சிகிச்சை அது. எடைக்குறைப்பு என்ற பலகை அதன்மேல் பின்னால் மாட்டப்பட்டது. பயிற்சிக்கு வருகிறவர் தன் தட்டின் முன் தானே உட்கார்ந்திருப்பார் என்பது அதன் எழுதாத அனுமானம். உறையூர் வீட்டில் அந்தத் தட்டே இல்லை.

காலண்டர் தாளில் எழுதியது

கலோரி எழுதச் சொல்லவில்லை. தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்புறத்தில், வாயில் எது போனாலும் மூன்று விஷயங்களை மட்டும் குறிக்கச் சொன்னேன்: நின்றா உட்கார்ந்தா, அது யாருடைய உணவு, அப்போது பசி பத்துக்கு எத்தனை. ருசி பார்த்ததும் அதில் சேரும். ஒரு வாரம்.

தாள்களுடன் வந்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. ஒரு சாதாரண வேலை நாளில் பதினான்கு முறை சாப்பிட்டிருந்தார். அவற்றில் ‘சாப்பாடு’ என்று அவர் கருதியவை மூன்று. உட்கார்ந்து சாப்பிட்டவை நான்கு. அவருக்கென்று எடுத்து வைத்தவை ஐந்து. மீதி எல்லாம் யாரோ ஒருவருடையது.

காலை ஏழே முக்கால்: மகன் பாதியில் விட்ட நெய்த்தோசை, அதைத் தொடர்ந்து அவன் தள்ளிவிட்ட சர்க்கரை போட்ட பால் அரை டம்ளர். பசி மூன்று. எட்டு மணிக்கு டிபன் பாக்ஸ் கட்டும்போது வாணலியில் ஒட்டியிருந்த உருளைக்கிழங்கு. அலுவலகத்தில் பதினொரு மணிக்கு டீயும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் மேசையிலேயே, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்குள் சாப்பாடு. பிறகு மாலை ஆறேகால். இந்த நேரத்தில்தான் விஷயம் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தவுடன் அவர் போகும் இடம் பாத்திரம் தேய்க்கும் தொட்டி. அங்கே மகளின் டிபன் பாக்ஸ் இருக்கும். கால்வாசி, சில நாள் பாதி, எலுமிச்சைச் சாதம் மிஞ்சியிருக்கும். கழுவுவதற்கு முன் அது இவர் வாய்க்குள் போகும். பசி எட்டு, சில நாள் ஒன்பது. மதியம் ஒன்றரை மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாத உடம்பின் உண்மையான பசி அது. காலை எட்டு மணிக்குக் கட்டிய சோற்றைத் திருச்சி வெயிலில் பத்து மணி நேரம் கழித்து உண்பது வயிற்றுக்கும் நல்லதில்லை என்பது தனிக் கதை.

எட்டு மணிக்குக் கைபேசியில் படம் ஓட, மகனுக்கு ஊட்டும்போது அவனுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய். எட்டரைக்குக் கணவர் வருவார். எல்லோருக்கும் தோசை ஊற்றிப் போட்ட பிறகு ஒன்பதே முக்காலுக்கு அடுப்படியில் நின்றபடியே தன் தோசைகள். அதற்கு முன்பே பிய்ந்த தோசை, கருகிய ஓரம், தட்டுகளில் மிஞ்சிய தயிர்ச்சோறு எல்லாம் உள்ளே போயிருக்கும். பத்தரைக்குத் தொலைக்காட்சிக்கு முன் மிக்சர் பாக்கெட். அப்போது பசி இரண்டு.

பிறர் தட்டிலிருந்து வந்ததை மட்டும் தோராயமாகக் கூட்டிப் பார்த்தோம். அரைத் தோசை, அரை டம்ளர் பால், மிஞ்சிய எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சோறு நான்கைந்து வாய்: நாளொன்றுக்கு 400 கலோரிக்குக் குறையவில்லை. இரவில் சோற்றை நிறுத்தி மாதக்கணக்கில் பட்டினி கிடந்ததைப் போல உணர்ந்தவர், இதை ஒரு நாளும் கணக்கில் சேர்த்ததில்லை. அவர் பொய் சொல்லவில்லை. இது அவருக்குச் சாப்பாடாகவே படவில்லை.

அது ஏன் என்பதற்கு ஆய்வுகளில் பதில் இருக்கிறது. 2013இல் எரிக் ராபின்சனும் குழுவினரும் 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கவனம் வேறெங்கோ இருக்கும்போது சாப்பிட்டால் அந்த வேளையில் அளவு கூடுகிறது. அடுத்த வேளையில் அதைவிடவும் கூடுகிறது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் சுசான் ஹிக்ஸ் 2002இல் காட்டியது இதன் மறுபக்கம்: மதியம் என்ன சாப்பிட்டோம் என்று நினைவுபடுத்திக்கொண்டவர்கள் பிற்பகலில் நொறுக்குத்தீனியைக் குறைத்துத் தின்றார்கள். வயிறு மட்டும் கணக்கு வைப்பதில்லை, நினைவும் வைக்கிறது. தொட்டி ஓரத்தில் தின்ற எலுமிச்சைச் சாதம் நினைவில் பதியாததால், இரவு தோசை முழுப் பசியுடன் தொடங்கியது.

ஒரே விதி

எதையும் விலக்கவில்லை. ஒரே ஒரு விதி: எதைச் சாப்பிட்டாலும் தன் தட்டிலோ கிண்ணத்திலோ வைத்து, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மகனின் மிச்சத் தோசை வேண்டுமென்றால் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அது அவருடைய தட்டுக்கு மாற வேண்டும், அவர் உட்கார வேண்டும். காலை ஏழே முக்காலுக்கு உட்கார நேரமில்லாததால் அதில் பெரும்பகுதி தானாக நின்றுபோனது.

நின்றுபோனதில் ஒரு சிக்கல் முளைத்தது. மிச்சத்தை என்ன செய்வது? சோற்றைக் கொட்டுவது பாவம் என்று வளர்ந்த வீடு அது. மாமியார் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தை மறக்காதவர். தாயின் வயிறு அந்த வீட்டில் வீணாவதைத் தடுக்கும் பாத்திரமாக இருந்தது. இதை அறிவுரையால் மாற்ற முடியாது. எனவே மிச்சம் வருவதையே குறைக்கப் பார்த்தோம். பிள்ளைகளுக்கு முதலில் கொஞ்சம் வைப்பது, கேட்டால் மறுபடி போடுவது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்ய வேண்டும், எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்ய வேண்டும் என்று அமெரிக்க உணவியலாளர் எலின் சாட்டர் வகுத்த பங்கீடு இதற்குப் பொருந்தியது. “இவ்வளவு வைத்தால் பிள்ளை இளைத்துப்போவானே அம்மா” என்று மாமியார் பதறினார். மகனின் எடையையும் உயரத்தையும் தடுப்பூசி அட்டையிலிருந்த வளர்ச்சிக் கோட்டில் குறித்துக் காட்டினோம். இரண்டு மாதம் கழித்தும் அவன் அதே கோட்டில்தான் ஏறிக்கொண்டிருந்தான். மகளின் டிபன் பாக்ஸ் ஒரு அளவு சிறியதாக மாறியது. அவளுக்கு அதில் மகிழ்ச்சி. மிச்சம் வைத்ததற்குத் திட்டு விழுவது நின்றது.

மாலைப் பசிக்கு வேறு வழி. அலுவலகத்தை விட்டுக் கிளம்புமுன், ஐந்தரை மணிக்கு, உட்கார்ந்து ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும். வீட்டில் நுழையும்போது பசி நான்கில் இருந்தால் தொட்டிப் பக்கம் கை நீளாது. முட்டை விஷயமும் இதில் சேரும். அந்த வீட்டில் முட்டை பிள்ளைகளுக்கு. மீன் குழம்பில் நடுத்துண்டு ஆண்களுக்கு. இவருக்குச் சோறும் குழம்பும். புரதம் குறைவாகவும் மாவுச்சத்து அதிகமாகவும் உள்ள தட்டு சீக்கிரம் பசிக்க வைக்கும். காலையில் தனக்கும் ஒரு முட்டை அவித்துக்கொள்ளச் சொன்னேன். இதற்கு அவர் காட்டிய தயக்கம், மிச்சத் தோசையைத் தன் தட்டுக்கு மாற்றி உட்கார்ந்து சாப்பிடச் சொன்னபோதுகூட வரவில்லை.

மௌனமாக, மெதுவாக உண்ணும் பயிற்சியை ஒரு வேளைக்கு மட்டும் வைத்தோம்: அலுவலக மதிய உணவு. மேசையை விட்டு எழுந்து உணவறைக்குப் போவது, கைபேசியை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போவது, முதல் ஐந்து வாயை மட்டும் ருசித்து மெல்வது. பிறகு தோழிகளுடன் பேசிக்கொண்டே சாப்பிடலாம். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். அதற்கு ஓரளவு ஆதாரமும் உண்டு. ஏதென்ஸில் நடந்து 2010இல் வெளியான சிறிய ஆய்வில், 300 மி.லி. ஐஸ்கிரீமை ஐந்து நிமிடத்தில் தின்றதைவிட முப்பது நிமிடத்தில் தின்றபோது, போதும் என்று மூளைக்குச் சொல்லும் குடல் ஹார்மோன்கள் அதிகம் சுரந்தன. இவருக்கு முப்பது நிமிடம் கிடைக்காது. பத்து நிமிடத்துக்குள் முடிந்த சாப்பாடு இருபது நிமிடமானது; அதுவே இந்த வீட்டுக்கு அதிகம்.

தோசையை யார் ஊற்றுவது

முதல் மாதத்தில் 0.8 கிலோதான் குறைந்தது. காலையும் மாலையும் சீரானாலும் இரவு அசையவில்லை. ஒன்பதே முக்கால் தோசையை உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் அடுப்பில் வேறொருவர் நிற்க வேண்டும். வேறெந்தக் குறிப்பாலும் இதைத் தாண்ட முடியாது.

அடுத்த சந்திப்புக்குக் கணவரையும் அழைத்துவரச் சொன்னேன். காலண்டர் தாள்களை அவரிடம் கொடுத்தேன். இரவுப் பகுதியை இரண்டு முறை படித்துவிட்டு, “எனக்காகக் காத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னதே இல்லையே” என்றார். அது உண்மைதான். அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. மாமியாரும் தன் காலத்தில் அப்படித்தான் கடைசியில் சாப்பிட்டார். யாரும் சொல்லாத வழக்கத்தை யாரிடம் போய் மறுப்பது? அங்கேயே ஓர் ஏற்பாடு பேசி முடித்தோம். ஏழே முக்காலுக்கு இவரும் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்வார்கள். மாமனார் உடன் உட்கார்ந்து பேரனைப் பார்த்துக்கொள்வார். மாவும் சட்னியும் தயாராக இருக்கும். கணவர் வந்து தனக்குத் தானே தோசை ஊற்றிக்கொள்வார். தோசை ஊற்றுவதை முன்கூட்டியே இவர் முடித்துவிட்டால் மறுபடி கடைசியில்தான் சாப்பிடுவார் என்பதால், வாரத்தில் நான்கு நாள் தோசைக்குப் பதில் ஒரே தடவையில் வெந்து இறங்கும் இட்லி, அல்லது காய்கறி போட்ட சேமியா கிச்சடி. இது பெரிய மாற்றம். தோசை ஒருவர் நின்றுகொண்டே இருந்தால்தான் பிறர் சூடாகச் சாப்பிடக்கூடிய பண்டம். இட்லிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எடைக்குறைப்புப் பட்டியல்களில் இட்லியா தோசையா என்ற விவாதம் எப்போதும் எண்ணெயைப் பற்றியே நடக்கிறது.

கணவரின் முதல் வாரத் தோசைகள் கல்லில் ஒட்டிக் கிழிந்தன. மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தும் எழுந்து போய் ஊற்றிக் கொடுத்தார். மகன் அடுப்பில் நிற்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மூன்றாம் வாரத்தில்தான் அது அடங்கியது.

மிக்சரைத் தொடவில்லை. “அந்த அரை மணி நேரம் மட்டும்தான் என்னுடையது” என்று அவர் சொன்ன பிறகு அதைப் பறிப்பது சரியாகப் படவில்லை. பசி இரண்டில் இருக்கும்போது சாப்பிடுவது அலுப்பினால் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. பாக்கெட்டிலிருந்து கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டார். சில நாள் மறந்தார், சில நாள் இரண்டாம் கிண்ணம் போட்டுக்கொண்டார்.

எண்கள்

ஆறு மாதத்தில் எடை 69.1 கிலோ, அதாவது தொடக்கத்திலிருந்து 7 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவு. இடுப்பு 90 செ.மீ. எச்பிஏ1சி 5.7. இடையில் மே மாத விடுமுறைக்குப் புதுக்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்வந்ததில் 1.3 கிலோ ஏறியது. அடுத்த இரண்டு மாதங்களில் இறங்கியது. ஓராண்டு முடிவில் 68.4 கிலோ. இரண்டாம் அரையாண்டில் குறைந்தது ஒரு கிலோகூட இல்லை. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்ற வாய்ப்பாட்டை வைத்து 400 கலோரியைக் கழித்துக்கொண்டே போனால் ஓராண்டில் 19 கிலோ குறைந்திருக்க வேண்டும் என்று கணக்கு வரும். உடல் அப்படி நடந்துகொள்வதில்லை: எடை குறையக் குறைய அதன் தேவையும் குறைகிறது, பசியும் கொஞ்சம் கூடுகிறது, கழித்த கலோரியில் ஒரு பகுதி வேறு வழியில் திரும்புகிறது. குறியீடு இப்போது 28.1. இந்திய அளவுகோலின்படி இன்னும் உடல் பருமன்தான்.

இதை முழுக்கவும் கவனத்துடன் உண்டதன் பலன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதே காலத்தில் வீட்டுப் பால் ஆவின் ஆரஞ்சு நிற உறையிலிருந்து நீல நிற உறைக்கு மாறியது. முன்னதில் கொழுப்பு 6 சதவீதம், பின்னதில் 3. காப்பி, டீ வழியாக நாளொன்றுக்கு 300 மி.லி. பால் குடிக்கிறவருக்கு அதிலேயே 80 கலோரி குறைகிறது. ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடக்கவும் தொடங்கியிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் இல்லாத ஒற்றை நிகழ்வு இது.

பெரிய ஆய்வுகளும் அடக்கமாகவே பேசுகின்றன. கலிபோர்னியாவில் உடல் பருமன் உள்ள 194 பேரிடம் நடந்த, 2016இல் வெளியான ஆய்வில், உணவு மற்றும் உடற்பயிற்சித் திட்டத்துடன் கவனப் பயிற்சியைச் சேர்த்துப் பெற்றவர்கள் 18 மாத முடிவில் மற்றவர்களைவிட 1.7 கிலோ மட்டுமே கூடுதலாகக் குறைந்திருந்தார்கள். புள்ளியியல்படி அதை உறுதியான வேறுபாடு என்று சொல்ல முடியாது. ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரையில் அவர்களுக்கு நன்மை தெரிந்தது. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரிடம் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளிவந்தது. வாழ்க்கைமுறை மாற்றத்தால் நீரிழிவு வருவது 28.5 சதவீதம் குறைந்தது; அவர்களின் எடையோ குறிப்பிடும்படி குறையவில்லை. இவருடைய விஷயத்திலும் எடை இயந்திரத்தைவிட 6.0-லிருந்து 5.7-க்கு வந்த எச்பிஏ1சி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

காலண்டர் தாள் செய்தது இடத்தைக் காட்டியது மட்டும். காட்டிய பிறகு எடையைக் குறைத்தது பெரும்பாலும் மனப்பயிற்சியைவிட வேலைப்பங்கீடு: டிபன் பாக்ஸின் அளவு, ஐந்தரை மணிச் சுண்டல், அடுப்பில் நிற்கும் ஆள். கணவரோ மாமனாரோ மறுத்திருந்தால் இரவு தோசை இன்னும் ஒன்பதே முக்காலுக்கு நின்றபடிதான் நடந்துகொண்டிருக்கும். துணையின்றித் தனியே பிள்ளை வளர்ப்பவருக்கு இந்த ஏற்பாட்டில் பாதி கிடைக்காது. அவருக்கு வேறு வகையில் யோசிக்க வேண்டும், அநேகமாக ஒரே வேளைச் சமையலும் பிள்ளைகளோடு ஒரே நேரத்தில் உண்பதும். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவு நேரத்தையும் அளவையும் மாற்றக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் எடைக்குறைப்பு முயற்சி வேண்டாம். ஒரே மூச்சில் நிறையத் தின்றுவிட்டுக் குற்ற உணர்வில் தவிப்பவர்களுக்குக் குறிப்பு எழுதச் சொல்வதே சில நேரம் கேடாகலாம். அவர்களுக்கு உளவியல் சிகிச்சை முதலில்.

இப்போது ஆண்டுக்கொரு முறை சர்க்கரைப் பரிசோதனை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள் வேண்டும். அதற்கான இருபது நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் நடந்துகொண்டிருக்கும் பேச்சு. காலையில் மகனைக் குளிப்பாட்டிச் சீருடை போட்டுவிடுவதைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கணவர் சொல்லியிருக்கிறார். ஜூனில் பள்ளி திறந்ததும் தொடங்குவதாகப் பேச்சு.